வாசகர் கேள்வி, அக்கா பதில்: சோர்ந்துபோனால் விசுவாசம் குறைந்துவிட்டதா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்கும்போது மனது கனத்துப்போனது. பண்ணைக்காடு, கொடைக்கானல், வத்தலக்குண்டு, தாண்டிக்குடி என்று மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஐந்து கடிதங்கள். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஆனால் ஐந்து பேரும் எங்கேயோ ஓர் இடத்தில் ஒரே வார்த்தையை எழுதியிருக்கிறார்கள்: "முடியவில்லை". மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு இந்த ஐந்துக்கு மட்டும் எழுதுகிறேன். பெருமாள்மலையில் மூன்று நாளாக விடாத மழை, வெளியே போக வழியில்லை, அதனால் நிதானமாகவே எழுதலாம்.

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 38 வயது. வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது, ஊடே மிளகும் மலைவாழையும். மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள், எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சபையில் ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன், பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குச் செயலாளர், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாட்டு நடத்துவதும் நான்தான். காலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் பாடும்போது கண்ணீர் வரும், இப்போது வாய் மட்டும் பாடுகிறது, முடியவில்லை அக்கா. போன வாரம் மாமியாருக்குத் துணி மாற்றும்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றியது, பயந்துபோய் உடனே மன்னிப்புக் கேட்டேன். "கர்த்தர் பெலன் தருவார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? என் விசுவாசத்தில் குறையா?
பெயர் வேண்டாம், பண்ணைக்காடு

பதில்: தங்கச்சி, குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இருக்கிற நிலையில் முழுப் பதிலையும் படிக்கத் தெம்பு இருக்குமோ என்னவோ.

அடுத்து, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜெபத்தைப் பற்றிக் கேட்டால் அக்கா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு பள்ளி விடுதியில் 27 வருடம் வார்டனாக இருந்தவள். ஒரு டிசம்பரில் பகல் முழுக்க விடுதி வேலை, ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், இடையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என்று ஓடிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் ஆலயத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தேன். நன்றாக ஜெபிக்கிற ஒரு சகோதரி வந்து, ஜெப ஜீவியத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள் என்றார்கள். நானும் இரண்டு வாரம் அழுது அழுது ஆராய்ந்தேன். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது, தமிழ்நாட்டில் 53 பேருக்கு. அப்படியானால் உங்கள் உபவாச ஜெபத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்களிலும் பாதிப் பேருக்கு அது இருக்கலாம், அவர்களை நாம் வாரம் தவறாமல் பட்டினி போட்டு எழுப்புதலுக்காக ஜெபிக்கச் சொல்கிறோம். உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரத்தமில்லாத உடம்புக்கு இப்போது வேண்டாம் என்கிறேன். இன்னொன்று, நம் மலையில் சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடிப்போம், அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

இப்போது எலியாவிடம் போகலாம். 1 இராஜாக்கள் 18-இல் கர்மேல் மலையில் அக்கினி இறங்குகிறது, மழை வருகிறது, ஆகாபின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் அனுப்பிய ஒரே ஒரு மிரட்டலுக்குப் பயந்து, நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கிற பெயெர்செபா வரைக்கும் போய், கூட வந்த வேலைக்காரனையும் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு நாள் தூரம் தனியாக வனாந்தரத்துக்குள் நடந்து, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். நேற்று அக்கினியைப் பார்த்தவர் இன்று சாவைக் கேட்கிறார். அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் என்ன அனுப்பினார்? தூங்கவிட்டார். அப்புறம் ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போதுதான் தூதன் காரணத்தைச் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." ஓரேபில் மெல்லிய சத்தத்தில் பேசியதும், எலிசாவைத் துணைக்குக் கொடுத்ததும், இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று காட்டியதும் நாற்பது நாள் நடைக்கு அப்புறம். முதலில் அடை, தண்ணீர், தூக்கம். ஒரு தீர்க்கதரிசிக்கே தேவ பெலன் அப்படித்தான் வந்திருக்கிறது, நீங்கள் 4 மணிக்குத் தூங்கி விழுகிற அந்தப் பத்தாவது நிமிடத்தைப் பாவக்கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெலன் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நாம் எப்படிக் கேட்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே பாரத்தை இதே மாதிரி நாளைக்கும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டும், அதற்கு என் பெலத்தோடு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொடும் ஆண்டவரே என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன். ஏசாயா 40:31 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்று. அந்த "புதுப்பெலன் அடைந்து" என்கிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற வினைச்சொல்லுக்கு மாற்றிக்கொள்வது என்று பொருள் உண்டு. ஆதியாகமம் 35-இல் யாக்கோபு பெத்தேலுக்குப் புறப்படும் முன் தன் வீட்டாரை வஸ்திரங்களை மாற்றச் சொல்கிறாரே, அங்கேயும் இதே வினைதான். உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். சாரலில் காப்பிப் பழம் பறித்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருகிறீர்கள், அந்த ஈரத்துணிக்கு மேலேயே ஒரு நல்ல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டால் குளிர் போகுமா? சற்று நேரத்தில் ஸ்வெட்டரும் நனைந்துபோகும். ஈரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றுகிற அந்த நேரத்தில் உடம்பு வெடவெடக்கும், அதற்குப் பயந்துதான் நாம் பலர் ஈரத்தோடேயே இருந்துவிடுகிறோம்.

எதைக் கழற்றுவது? ஒரு தாளை எடுத்து உங்கள் வேலைகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே இது கர்த்தர் கொடுத்ததா, அல்லது கூட்டத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை என்பதால் நான் எடுத்துக்கொண்டதா என்று எழுதுங்கள். செயலாளர் பொறுப்பைப் பற்றி உங்கள் கடிதத்தின் தொனியே எனக்குப் பதிலைச் சொல்லிவிட்டது. கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதை எழுதும்போது மட்டும் உங்கள் எழுத்தில் ஒரு உயிர் இருந்தது, அதை விடாதீர்கள், ஆனால் இன்னொரு பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடுங்கள்.

மாமியார் விஷயம் உங்கள் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது, இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி, அது உங்கள் அம்மா. ராத்திரி ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதும், ஞாயிறு காலையில் உடம்பு துடைத்துவிடுவதும் மகன் செய்யக்கூடாத வேலை இல்லை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள், மனைவி பேசினால் சண்டையாகும், நீங்கள் பேசினால் பொறுப்பாகும். அப்புறம், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள், சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். நர்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது தலைமாட்டில் வைத்த அடை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போய்விடலாமா என்று தோன்றியதற்காக இனி மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது களைத்துப்போன உடம்பின் சத்தம். ஆனால் அது செத்துவிடலாமா என்று மாறினால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், டெலிமானஸ் என்று பெயர், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். 4 மணி ஜெபத்தை இந்த மூன்று மாதத்துக்கு நிறுத்திவிட்டு 6 மணி வரை தூங்குங்கள். மத்தியானம் தோட்டத்தில் சாப்பிட உட்காரும்போது ஒரு சங்கீதத்தைச் சத்தமாகப் படியுங்கள், அதுவும் முடியாத நாளில் "ஆண்டவரே, முடியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு பார்த்துக்கொள்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. கண்ணீர் வராவிட்டால் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. கொடைக்கானலில் தங்கும் விடுதி ஒன்றில் வேலை. ஏப்ரல், மே சீசன் மட்டும் என்று முன்பு சொல்வார்கள், இப்போது ஆயுத பூஜை லீவு, தீபாவளி, கிறிஸ்துமஸ், நியூ இயர், எல்லா நீண்ட வார விடுமுறையும் சீசன்தான். காலை 5 மணிக்கு வெந்நீர் கொடுப்பதில் தொடங்கினால் ராத்திரி 12 ஆகிறது. ஆராதனைக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. கடைசியாகப் போனபோது "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்" என்று போதகர் என்னைப் பார்த்தே பிரசங்கித்த மாதிரி இருந்தது. பைபிளைத் திறந்தால் கண் சொக்குகிறது, என்னால் முடியவில்லை. நான் பின்வாங்கிப்போய்விட்டேனா?
ஒரு வாலிபன், கொடைக்கானல்

பதில்: இல்லை தம்பி. பின்வாங்கினவன் ஆறு வாரத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.

ஓய்வுநாள் கட்டளையைப் படிக்கும்போது, ஓய்ந்திரு என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். யாத்திராகமம் 23:12 இன்னும் போகிறது: உன் மாடும் கழுதையும் இளைப்பாறவும், அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறவும் நீ ஓய்ந்திரு என்கிறது. உபாகமம் 5-இல் இன்னும் ஒரு படி மேலே, எகிப்திலே நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறது. அதாவது அந்தக் கட்டளை முதலில் கேள்வி கேட்பது வேலை வாங்குகிறவரை. விடுதி நடத்துகிற நம்முடைய விசுவாசிகள் நிறையப் பேர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அண்ணன்மார்களே, தம்பிமார்களே, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை சட்டம் கொடுத்த உரிமை, உங்கள் வேதமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் பையன்களை முறை வைத்தாவது ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். நீங்கள் ஆலயத்தில் கண்ணை மூடிப் பாடுகிற நேரத்தில் ஒருவன் உங்கள் அறைகளின் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருக்கிறான்.

தம்பி, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். முதலாளியிடம் ஞாயிறு முழுதும் கேட்டால் கிடைக்காது, அறைகள் காலியாகிற நாள் எது என்று உங்களுக்கே தெரியும், அந்த நாளைக் கேளுங்கள். போதகரிடம் நேரில் போய் உங்கள் வேலை நேரத்தைச் சொல்லுங்கள், தெரிந்தால் அந்த நாளில் உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்க அவரே வருவார், பல போதகர்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது. பைபிளை ராத்திரி 12 மணிக்குத் திறக்காதீர்கள், அது தூங்குகிற நேரம். புயலில் படகு தண்ணீரால் நிறையும்போது ஆண்டவரே தலையணை வைத்துத் தூங்கியிருக்கிறார், மாற்கு 4-இல் இருக்கிறது. காலையில் வெந்நீர் காய்கிற நேரத்தில் நான்கு வசனம் போதும்.

கேள்வி: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று என் லோடு வண்டியின் முன் கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறேன். மலைக்கும் மதுரை மார்க்கெட்டுக்கும் ராத்திரி ராத்திரியாக காய்கறி ஏற்றி ஓட்டுகிறேன். கடன் முடியவில்லை, உடம்பும் முடியவில்லை. வசனம் பொய்யாகாது என்றால் தவறு என்னிடமா?
சகோதரர், வத்தலக்குண்டு

பதில்: வசனம் பொய்யாகாது தம்பி, ஆனால் அது எங்கிருந்து எழுதப்பட்டது என்று பாருங்கள். பவுல் காவலில் கட்டப்பட்டிருக்கும்போது எழுதியது. அவர் சொன்ன "எல்லாவற்றையும்" என்ன என்பது அதற்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது: திருப்தியாயிருப்பது, பட்டினியாயிருப்பது, பரிபூரணமடைவது, குறைவுபடுவது. எதைத் தொட்டாலும் ஜெயிப்பேன் என்று அவர் எழுதவில்லை, குறைவிலும் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்றார். இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வசனம், அதை யாரும் கண்ணாடியில் எழுதுவதில்லை: "ஆகிலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே பங்குபெற்றது நலமாயிருக்கிறது." கிறிஸ்துவினாலே பெலனுண்டு என்று சொன்ன கையோடு, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து மூலமாக அனுப்பினதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். இரண்டும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை.

அதனால் கடனை மனைவியிடம் மறைத்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், சபையில் கணக்குத் தெரிந்த ஒரு மூப்பரிடம் தாளும் பேனாவுமாக உட்காருங்கள். அப்புறம், கண் சொக்கும்போது அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் உங்களுக்குத் தெரியும். வண்டியை ஓரம் கட்டித் தூங்குங்கள், காய்கறி ஒரு மணி நேரம் தாமதமாகப் போகட்டும்.

கேள்வி: நான் 19 வருடமாக மலைக்கிராமங்களில் ஊழியம் செய்கிறேன், வயது 52. பல ஊர்களுக்கு இன்னும் நடந்துதான் போகிறேன். சில மாதங்களாக உள்ளே வறண்டுபோயிருக்கிறது, பிரசங்கிக்கிறதை நானே நம்பிச் சொல்கிறேனா என்று தெரியவில்லை, முடியவில்லை. ஒரு மாதம் ஓய்வு எடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்கும்போது ஊழியக்காரன் ஓய்வு எடுப்பது சரியா? விசுவாசிகள் என்ன சொல்வார்கள்?
ஒரு சுவிசேஷகர், மேல்மலை

பதில்: ஐயா, நீங்கள் நடக்கிற இந்த மலையிலேயே பதில் இருக்கிறது. 1834-இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள் சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஆத்துமாக்கள் அழிகின்றன என்று நம்பினவர்கள்தான். அப்புறம்தான் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இன்றைக்கு ஏரியும் படகும் பார்க்கக் கூட்டம் வருகிற அந்த ஊர், ஊழியக்காரர்கள் செத்துப்போகாமல் இருப்பதற்காக உண்டான ஊர். இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் அடிவாரத்திலிருந்து அவர்களையும் அவர்கள் சாமான்களையும் டோலியிலும் தலையிலும் சுமந்து ஏறினவர்கள் நம் ஆட்கள், அவர்களுக்கு யார் எந்த மலையில் ஓய்வு கொடுத்தார்கள் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. உங்களைப் போல நடந்தே ஊழியம் செய்கிறவர்களை நினைக்கும்போது அந்தச் சுமைக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

மோசேயைப் பாருங்கள். எண்ணாகமம் 11-இல் அவர் கர்த்தரிடம் கேட்கிற கேள்வி கொஞ்சம் கோபமான கேள்வி: இந்த ஜனங்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், முலைகுடிக்கிற பிள்ளையைத் தகப்பன் சுமப்பதுபோல இவர்களை நான் மார்பிலே சுமக்க வேண்டுமா, என்னால் ஆகாது, இப்படிச் செய்வதானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். கர்த்தர் கோபிக்கவில்லை. எழுபது மூப்பரைக் கூட்டிவரச் சொல்லி, அவர் மேலிருந்த ஆவியை அவர்கள்மேலும் வைத்தார், "நீ ஒருவன்மாத்திரம் ஜனங்களின் பாரத்தைச் சுமக்காமல்" இருக்கும்படிக்கு. இதே மோசே பின்னாட்களில் உபாகமம் 1:31-இல் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது, ஒரு மனிதன் தன் பிள்ளையைச் சுமப்பதுபோல வழியெல்லாம் உங்களைச் சுமந்துவந்தவர் கர்த்தர் என்கிறார். எண்ணாகமத்தில் நானா சுமப்பேன் என்று கேட்டவருக்கு, சுமந்தது யார் என்று பிறகுதான் புரிந்திருக்கிறது.

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் இருக்குமே, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கிவிட யாருடைய உதவியும் இல்லாமல், அப்படியே சாய்ந்து சுமையை அதன் மேல் தள்ளிவிடலாம், அந்த உயரத்தில் இருக்கும். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று சங்கீதம் 55:22-ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் தெரியும். உங்களை எல்லாரும் சபைக்குச் சுமைதாங்கி என்று சொல்லிச் சொல்லி, நீங்களும் கல் என்று நினைத்துவிட்டீர்கள் ஐயா. நீங்கள் வழிநடக்கிற ஆள்.

ஒரு மாதம் ஓய்வு எடுங்கள். மனைவியோடும் பிள்ளைகளோடும் இருங்கள். பிரசங்கக் குறிப்பு எழுதாமல் வேதத்தைப் படியுங்கள். வறட்சியைப் பற்றி, உங்களுக்கு மேலே இருக்கிறவரிடம் இல்லாவிட்டாலும் உங்கள் வயதுள்ள வேறொரு ஊழியக்காரரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ஆசியாவில் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்கு பாரமாயிருந்தது என்று பவுல் கொரிந்தியருக்கு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார், அதைப் படித்து அந்தச் சபை கெட்டுப்போகவில்லை. விசுவாசிகள் என்ன சொல்வார்கள் என்றா கேட்டீர்கள்? விசுவாசிகளே, இதைப் படிக்கிற நீங்கள், அந்த ஒரு மாதக் காணிக்கையைக் குறைக்காதீர்கள். வாலிபர்கள் இரண்டிரண்டு பேராக அவர் போகிற ஊர்களுக்குப் போய் வாருங்கள், அந்த ஏற்றம் எப்படி இருக்கும் என்று உங்கள் முட்டிக்கும் தெரியட்டும்.

கேள்வி: எனக்கு 76 வயது மகளே. நாற்பது வருடம் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்கி, பூ வைத்தவள். இப்போது முட்டி வலியால் அந்த ஏற்றம் ஏற முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்கிறான், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன், யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது. பேத்தியை விட்டு எழுதச் சொல்கிறேன். இனி என்னால் கர்த்தருக்கு என்ன பிரயோஜனம்?
ஓர் அம்மா, தாண்டிக்குடி

பதில்: அம்மா, பேத்தியை ஏசாயா 46-ஆம் அதிகாரத்தை எடுத்து முதல் நான்கு வசனங்களை உங்களுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோனின் தெய்வங்களான பேலையும் நேபோவையும் மாட்டின் மேலும் கழுதையின் மேலும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், சுமக்கிற மிருகங்கள் இளைத்துப்போகின்றன. அப்புறம் கர்த்தர் பேசுகிறார், தாயின் வயிற்றில் தோன்றினது முதல் உங்களை ஏந்தினேன், "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்று. நாற்பது வருடம் பெருக்கினீர்களே, அப்போதும் நீங்கள் அவரைச் சுமக்கவில்லை அம்மா, அவர்தான் உங்களைச் சுமந்தார். அப்போது கால் நன்றாக இருந்ததால் தெரியவில்லை.

பல காலம் ரோடு இல்லாமல் இருந்த வெள்ளகெவி மாதிரி ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டோலியில் இருக்கிறவர், ஐயோ இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமமாயிற்றே என்று பதறி எழுந்து உட்காரப் பார்த்தால் என்ன ஆகும்? தூக்குகிறவன் கால் தடுமாறும். அசையாமல் படுத்திருப்பதுதான் அவர்களுக்குச் செய்கிற உதவி.

எதிர்வீட்டுப் பையனிடம் வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். சாரல் இருக்கும், கம்பளியை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜீப்பில் முன் சீட்டில் உட்காருங்கள், ஏறி இறங்க அதுதான் வசதி.